வடத்தின் இயல் கண்ட ஆலிவர் ஹெவிசைடு

நாஞ்சில் நாட்டின் வளத்திற்கு அந்நாட்டுக் கால்வாய்களே அடிப்படையாகும். பரளியாற்று நீரைப் பழையாற்றோடு கொண்டு சேர்க்கும் பாண்டியன் கால், பல நூற்றாண்டுகட்கு முன்னர் முன்னோர் வெட்டியது. 1906 ஆம் ஆண்டில் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. அணை புதியது, அதில் தேங்கிய நீரும் புதியது, ஆயினும் அந்நீர் வயல்களைச் சென்று சேரப் பழைய கால்கள் பலவும் துணை நின்றன. காலின் அகலமும் ஆழமும் சரிவும் அறிந்தவன் பழைய காலிலே புதுநீரை விடுவான். அவற்றை அறியாதவன் வேண்டாத இடத்தில் புதுக்கால் வெட்டிப் பொருளை இழப்பான். அன்றேல் தாங்காத காலில் நீரை விட்டுக் கரையை இழப்பான்.

நீருக்குக் கால் அமைந்தாற்போலச் செய்திக்கு வடம் அமைந்துள்ளது. நாகர்கோவில் முதலிய நகரங்களின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் தொலைக்காட்சிக்கென்று சுவரோரமாகப் பதித்த கரிய வடங்களை நாம் காண்கின்றோம். கடைத்தெருவில் இதனைக் கோஆக்சியல் கேபிள் என்பர். நூலோர் ஓரச்சு வடம் என்பர். இதன் நடுவே ஒரு கம்பி ஓடும். அதனைச் சூழ மின்கடத்தாப் பொருள் இருக்கும். அதன்மேல் உலோகப் பின்னலும், எல்லாவற்றுக்கும் புறத்தே கரிய உறையும் அமைந்திருக்கும். நடுக்கம்பிக்கும் சுற்றுப் பின்னலுக்கும் அச்சு ஒன்றே ஆதலின் ஓரச்சு வடம் என்னும் பெயர் பொருந்துவதாயிற்று.

ஓர் அலுவலகத்தில் உள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டியிருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். சுவரை இடித்துப் புதுவடம் பதித்தல் வேண்டுமா? முன்னரே கிடக்கும் வடத்தைப் பயன்படுத்தலாகாதா? இவ்வினா சிறியதுபோல் தோன்றினும், இதற்கு விடை கூறப் பேரறிவு வேண்டும். அவ்வறிவை உலகினர்க்கு அளித்தவர் கல்லூரி வாயிலை மிதியாதவர், செவிப்புலன் குன்றியவர், வறுமையில் உழன்றவர். அவரே ஆலிவர் ஹெவிசைடு என்னும் பெரியார்.

பிறப்பும் இளமையும்

இலண்டன் மாநகரின் ஒரு பகுதியாகிய கேம்டன் டவுனில், 1850 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆம் நாள் ஆலிவர் பிறந்தார். அவர்தம் தந்தையார் தாமஸ் என்பவர் மரக்கட்டையில் படம் செதுக்கும் தொழிலினர். ஆண்மக்கள் நால்வருள் ஆலிவரே இளையவர். தொழிலில் வருவாய் குறைவு. ஆதலின் தாயார் வீட்டிலேயே சிறு பள்ளி நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். இளமையிலேயே செங்காய்ச்சல் என்னும் நோய் ஆலிவரைப் பற்றியது. நோய் நீங்கிற்று, ஆனால் அது செவியின் கூர்மையைக் கவர்ந்து சென்றது. தெருவில் ஏனைய சிறுவர் ஆடும் ஆட்டங்களில் கலந்துகொள்ள இயலாமல், அவர் தனிமைக்கும் நூலுக்கும் பழகலானார்.

பதினாறாம் வயதளவில் பள்ளிப் படிப்பு முடிவுற்றது. மேற்படிப்புக்குப் பொருள் இல்லை. தாயாரின் உடன்பிறந்தாளை மணந்தவர் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் அறிஞர். தந்தி முறையை இங்கிலாந்தில் நிலைநாட்டியவர்களுள் ஒருவர். அவர்தம் தொடர்பால் ஆலிவரின் உள்ளம் தந்தித் தொழிலின்பால் சென்றது. வீட்டிலிருந்தவாறே தந்திக் குறிகளையும் டேனிஷ், ஜெர்மன் மொழிகளையும் தாமே கற்றார்.

தந்திப் பணி

1868 ஆம் ஆண்டில் ஆலிவர் டென்மார்க்கு நாட்டில் தந்திப் பணியாளராக அமர்ந்தார். அக்காலத்தில் கடலடியில் தந்தி வடம் இடும் பணி விரைந்து வளர்ந்து வந்தது. 1866 இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நிலையான வடம் இடப்பட்டது. 1870 இல் பம்பாய் நகரமும் இங்கிலாந்தும் கடல் வடங்களால் இணைந்தன. ஆலிவர் பின்னர் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரத்துக்கு வந்து, டென்மார்க்கோடு தொடர்பு கொண்ட வடத்தைக் கண்காணிக்கும் தலைமைப் பணியாளர் ஆனார்.

கடலடி வடத்தில் பழுது நேர்ந்தால், கரையிலிருந்தே அளந்து, பழுதுற்ற இடம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கணித்தல் வேண்டும். கணக்குத் தவறினால் கப்பல் வீணே அலையும். இப்பணியில் ஆலிவர் வல்லவரானார். அவர் கண்ட புதுமை ஒன்று உண்டு. அவ்வடத்தின் வழியே ஒரு திசையில் செய்தி விரைந்து சென்றது. எதிர்த்திசையில் அவ்வளவு விரைவில் செல்லவில்லை. வடம் ஒன்றே, தொலைவும் ஒன்றே, விரைவு மட்டும் வேறாவது எவ்வாறு? உடன் பணியாற்றியோர் இதனை இயல்பென்று விட்டனர். ஆலிவர் விடவில்லை. கடல் வடத்தின் இரு முனையிலும் சேர்ந்துள்ள தரைக்கம்பிகளும் கருவிகளும் ஒத்தவையல்ல. அவ்வேறுபாடே காரணம் என்று கணக்கிட்டுக் காட்டினார். வடத்தைத் தனியே நோக்கினாற் போதாது, அதன் முனைகளையும் நோக்க வேண்டும் என்னும் உண்மை அன்றே அவர் உள்ளத்தில் பதிந்தது.

மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் மின்னியலையும் காந்தவியலையும் பற்றி எழுதிய பெருநூல் 1873 இல் வெளிவந்தது. அதனைப் புரட்டிப் பார்த்த ஆலிவர், இதற்குள் அரும்பொருள் அடங்கியுள்ளது என்று உணர்ந்தார். ஆனால் அதனை உணர்தற்கு வேண்டிய கணிதம் தம்மிடம் இல்லை என்பதையும் உணர்ந்தார். 1874 இல், தம் இருபத்து நான்காம் வயதில், பணியைத் துறந்து பெற்றோரின் இல்லம் சேர்ந்தார். அதன் பின்னர் அவர் வாழ்நாள் முழுதும் வேறு ஊதியப் பணி எதனையும் ஏற்றிலர். ஓர் அறையில் அமர்ந்து, கற்பிப்பார் ஒருவரும் இன்றி, ஆண்டுக்கணக்காகக் கற்றார். மாக்ஸ்வெலின் கருத்து இருபது சமன்பாடுகளாகப் பரந்து கிடந்தது. அதனை இன்று கல்லூரி மாணாக்கர் பயிலும் நான்கு சமன்பாடுகளாகத் திரட்டித் தந்தவர், கல்லூரி காணாத இவரே.

ஓரச்சு வடம்

தொலைபேசி தோன்றிய பின்னர்ப் புதியதோர் இடர் தோன்றியது. கம்பிகள் பல அருகருகே சென்றமையால், ஒரு கம்பியின் ஓசை மற்றொன்றிற் புகுந்தது. ஒருவர் பேச்சினிடையே அயலார் பேச்சும், தந்தியின் தட்டொலியும் கேட்கலாயின. இதனை நீக்க ஆலிவர் ஒரு வழி கண்டார். செல்லும் கம்பியும் மீளும் கம்பியும் தனித்தனியே கிடப்பதால்தானே அயற்கம்பியின் தாக்குதல் நேர்கின்றது? மீளும் கம்பியையே குழலாக்கி, அக்குழலினுள்ளே செல்லும் கம்பியை நடுவே அமைத்தால், புறத்து ஓசை அகத்தே புகாது. அகத்து ஓசை புறத்தே போகாது. இதுவே ஓரச்சு வடத்தின் கருத்தாகும். 1880 ஆம் ஆண்டில் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அதனால் அவர்க்குப் பொருள் வரவில்லை. அக்காலத் தொலைபேசிக்கு அத்தகைய வடம் இன்றியமையாததாகத் தோன்றவில்லை. விதை நிலத்தில் விழுந்தது. மழை பெய்யும் காலம் வரவில்லை.

அவர் கண்ட மற்றோர் உண்மை இதனினும் ஆழமானது. மின்னாற்றல் கம்பியினுள்ளே, குழாயில் நீர் செல்வதுபோல் செல்கின்றது என்றே பெரும்பாலோர் எண்ணினர். ஆலிவரோ, ஆற்றல் கம்பியைச் சூழ்ந்த வெளியிலே அலையாகச் செல்கின்றது, கம்பி அதற்கு வழிகாட்டியே என்று காட்டினார். பாயின்டிங் என்னும் அறிஞரும் இதே முடிவைத் தனியே கண்டிருந்தார். கால்வாயில் ஓடுவது கரையன்று. இரு கரைகளுக்கும் இடையே ஓடும் நீரே. ஓரச்சு வடத்திலும் நடுக்கம்பி ஒரு கரை, சுற்றுப் பின்னல் மற்றொரு கரை. இடைவெளியிலே அலை செல்கின்றது. ஆகவே கரைகளின் அளவும், அவற்றிடையேயுள்ள பொருளின் தன்மையும் எவ்வாறோ, அவ்வாறே அலையின் இயல்பும் அமையும். மாறும் மின்னோட்டத்திற்குச் சுற்று அளிக்கும் தடைக்கு 1886 இல் அவர் இட்ட பெயர் இம்பீடன்சு என்பது. அதனைத் தமிழில் மின்மறிப்பு எனலாம். வடம் ஒவ்வொன்றுக்கும் இயல்பானதொரு மின்மறிப்பு உண்டு.

எதிர்ப்பும் ஏமாற்றமும்

தொலைபேசியில் நெடுந்தொலைவு பேசுவது அந்நாளில் அரிதாயிருந்தது. தொலைவு மிக மிகக் குரல் மெலிந்ததோடன்றி உருக்குலைந்தும் போயிற்று. குரலில் மெல்லிய கீச்சொலியும் உண்டு; கனத்த முழக்கமும் உண்டு. இவை வடத்தினூடே ஒரே விரைவிற் செல்லாமல் முன்னும் பின்னுமாகச் சென்று குழம்பின. இதற்கு மருந்து யாது?

1887 ஆம் ஆண்டில் ஆலிவர் கூறிய விடை வியப்புக்குரியது. தூண்டம் என்னும் மின்பண்பை வடத்தில் மிகுவித்தால் குரல் குலையாது என்றார் அவர். சுசீந்திரம் தேரோட்டத்தில் தேர்வடத்தைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணரலாம். மெல்லிய நூலின் ஒரு முனையை உதறினால் அவ்வதிர்வு சிறிது தொலைவிலேயே அடங்கிவிடும். கனத்த தேர்வடத்தை உதறினாலோ அலை நெடுந்தொலைவு உருக்குலையாமல் ஓடும். தூண்டம் வடத்திற்குக் கனம் சேர்ப்பது போன்றது. வடத்தின் இடையிடையே கம்பிச் சுருள்களைச் சேர்த்தால் அக்கனம் கிட்டும்.

இக்கருத்தை அறிஞர் ஏற்றனரா? பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் தலைமை மின் வல்லுநராயிருந்த வில்லியம் பிரீஸ் பட்டறிவு மிக்கவர். ஆனால் தூண்டம் தொலைபேசிக்குப் பகையென்று உறுதியாக நம்பியவர். ஆலிவரின் தமையனார் ஆர்தர் அத்துறையிலேயே பொறியாளராயிருந்தார். உடன்பிறந்தார் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1887 இல் பிரீஸின் மறுப்பால் வெளிவராது நின்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே, ஆலிவரின் கட்டுரைத் தொடரைப் பல்லாண்டு வெளியிட்டு வந்த மின்னியல் இதழும் அதனை நிறுத்திவிட்டது. பதவியும் செல்வாக்கும் ஒருபுறம். பதவியில்லாத ஒருவரின் கணக்கு மற்றொருபுறம். உலகம் முன்னதையே நம்பியது.

ஆலிவர் சோர்ந்து எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். 1888 இல் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மின்காந்த அலைகளைச் செய்முறையில் காட்டினார். மாக்ஸ்வெலின் கொள்கைக்கு வாழ்வு வந்தது. அக்கொள்கையை விளக்கிய ஆலிவருக்கும் மதிப்பு வந்தது. 1889 இல் கெல்வின் பெருமகனார் மின்பொறியாளர் அவையில் தலைமையுரை ஆற்றுங்கால் ஆலிவரின் ஆராய்ச்சியைப் பாராட்டினார். 1891 இல் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

புகழ் வந்தது, பொருள் வரவில்லை. கம்பிச் சுருளைச் சேர்க்கும் முறைக்கு அமெரிக்காவில் 1900 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் மைக்கேல் பூப்பின் என்பவர். அக்காப்புரிமையைத் தொலைபேசி நிறுவனம் பெருந்தொகை கொடுத்து வாங்கிற்று. முன்னரே கிடந்த வடங்களிலும் இடையிடையே சுருள்கள் சேர்க்கப்பட்டன. அவ்வடங்களே முன்னினும் நெடுந்தொலைவு குரலைத் தாங்கிச் சென்றன. பழைய வடத்தைப் பெயர்த்தெறியாமல் அதன் குறையறிந்து நிரப்பும் வழியைக் கருத்தளவில் பதின்மூன்று ஆண்டுகட்கு முன்னரே காட்டியவருக்கு அத்தொகையில் பங்கு இல்லை.

தன்மானமும் இறுதிக் காலமும்

ஆலிவரின் வறுமை கண்டு வருந்திய நண்பர்கள், 1894 இல் அரச கழகத்தின் உதவி நிதியிலிருந்து பொருள் பெற்றுத்தர முயன்றனர். அஃது இரப்பதுபோலாகும் என்று அவர் மறுத்துவிட்டார். 1896 இல் அவர்தம் பணிக்குச் சிறப்பாக அரசு ஆண்டொன்றுக்கு 120 பவுன் வழங்க முன்வந்தபோதுதான் ஏற்றுக்கொண்டார். உதவியென்றால் வேண்டா; மதிப்பென்றால் கொள்வேன் என்பதே அவர் கொண்ட நெறி.

அவர் சினமும் பிணக்கும் இல்லாதவர் என்று கூறுதற்கில்லை. கணித அறிஞர்கள் தம் முறையைக் குறை கூறியபோது கூர்மையான ஏளனத்தால் விடையிறுத்தார். முதுமையில் டார்க்கி என்னும் கடற்கரையூரில் வாழ்ந்த அவர், அண்டை அயலாரோடு கலந்து பழகாது தனித்தே இருந்தார். கேளாச் செவியும் கிட்டாப் புகழும் அவரை அவ்வாறு ஆக்கின போலும்.

அந்நிலையிலும் அவர் அறிவு ஓய்ந்திலது. வானளாவ உயர்ந்த காற்று மண்டலத்தில் மின் கடத்தும் அடுக்கு ஒன்று இருத்தல் கூடும், அதனால் கம்பியில்லாத் தந்தியின் அலைகள் உலகின் வளைவைத் தொடர்ந்து செல்லும் என்று 1902 இல் எழுதினார். கென்னலி என்னும் அறிஞரும் அவ்வாண்டே இக்கருத்தைத் தனியே கூறினார். 1922 இல் மின்பொறியாளர் கழகம் பாரடே பதக்கத்தை ஏற்படுத்தியபோது, அதனை முதன்முதற் பெற்றவர் ஆலிவரே. 1924 ஆம் ஆண்டின் இறுதியில் ஆப்பிள்டன் செய்த ஆராய்ச்சி அவ்வான அடுக்கு உண்மையென நிறுவத் தொடங்கியது. அதன்பின் சில வாரங்களே அவர் வாழ்ந்தார். ஏணியிலிருந்து தவறி விழுந்து நலிவுற்று, 1925 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3 ஆம் நாள் தம் எழுபத்து நான்காம் வயதில் மறைந்தார்.

விதை முளைத்தல்

அவர் மறைந்த பின்னரே ஓரச்சு வடத்திற்குக் காலம் கனிந்தது. 1929 இல் அமெரிக்கப் பொறியாளர்களாகிய எஸ்பென்ஷீடு, ஆபெல் என்னும் இருவர் அதனைப் புத்துருவில் அமைத்தனர். ஒரே வடத்தில் நூற்றுக்கணக்கான பேச்சுகள் ஒருங்கே செல்லலாயின. பின்னர்த் தொலைக்காட்சியும் அதன்வழிச் சென்றது.

1973 இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், மெட்காபும் பாக்ஸும் அலுவலகக் கணினிகளை ஒன்றாக இணைக்க முற்பட்டனர். ஈதர்நெட் என்னும் அவ்வமைப்பிற்கு அவர்கள் ஓரச்சு வடத்தையே எடுத்தனர். தொலைக்காட்சித் தொழிலுக்கென்று கடையில் விற்ற இணைப்புறுப்புகளையே பயன்படுத்தினர். புதுப்பணிக்குப் பழம்பொருள் உதவிற்று. பின்னாளில் அலுவலகங்களில் பரவிய மெல்லிய ஈதர்நெட்டு வடம், 185 மீட்டர் வரை, நொடிக்கு ஒரு கோடி துணுக்குச் செய்திகளைத் தாங்கியது.

ஆயினும் வடமெல்லாம் ஒன்றல்ல. மெல்லிய ஈதர்நெட்டு வடத்தின் மின்மறிப்பு 50 ஓம்; தொலைக்காட்சி வடத்தின் மின்மறிப்பு 75 ஓம். புறத்தோற்றத்தில் இரண்டும் கரியனவே. ஆயினும் ஒன்றோடொன்றை இணைத்தால், இணைந்த இடத்தில் அலையின் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி ஓடும். அகன்ற கால் திடீரெனக் குறுகுமிடத்தில் நீர் எதிர்த்தேறுவது போன்றதே இது. ஈதர்நெட்டு வடத்தின் முனையைத் திறந்து விட்டாலோ அலை முழுதும் மீண்டு வந்து செய்தியைக் குழப்பும். அதனாலேயே இரு முனைகளிலும் 50 ஓம் அளவுள்ள மூடி பொருத்தினர். வந்த அலையை அது விழுங்கிவிடும். நியூகாசிலில் இளைஞர் ஆலிவர் வடத்தின் முனைகளை நோக்கியது இங்கே பயன் தருகின்றது.

ஆகவே பழைய வடத்தைக் கணினி இணைப்புக்குக் கொள்ள விரும்புவோர் மூன்றினை ஆராய்தல் வேண்டும். அவ்வடத்தின் மின்மறிப்பு யாது என்பது முதலாவது. பெரும்பாலும் வடத்தின் உறைமேல் பொறித்த குறியீட்டினால் இதனை அறியலாம். தொலைக்காட்சி வடமாயின், 75 ஓம் வடத்திற்கென்றே அமைந்த மாற்றுக்கருவிகளை இரு முனையிலும் பொருத்தினால், கணினிச் செய்தி அதன்வழி இனிது செல்லும். வடம் பழுதற்றதா என்பது இரண்டாவது. குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. உறை கிழிந்த வடத்தில் நீர் புகுந்தால் பின்னல் களிம்பேறும். அத்தகைய வடம் மெலிந்த செய்தியையே தரும். அதனை நீக்குதலே நன்று. இடையிலுள்ள பிரிப்பான்களும் இணைப்புகளும் ஏற்றவையா என்பது மூன்றாவது. தொலைக்காட்சிக்குப் போதுமான பிரிப்பான், கணினிச் செய்தி செல்லும் அலைவரிசையைத் தடுத்தலும் உண்டு. இம்மூன்றும் பொருந்தினால் சுவரை இடிக்க வேண்டுவதில்லை. செம்பும் பொருளும் உழைப்பும் மிஞ்சும். பொருந்தாவிடில் புதுவடமே ஏற்றது.

பழையது என்பதற்காகக் கழிப்பதும் அறிவன்று. பழையது என்பதற்காகக் கட்டிக்கொண்டிருப்பதும் அறிவன்று. அதன் இயல்பை அளந்தறிந்து, ஏற்பன ஏற்று, ஏலாதன விடுதலே அறிவு. அவ்வாறு அளத்தற்குரிய கோலை நம் கையில் தந்தவர் ஆலிவர் ஹெவிசைடு. உயர்ந்த பள்ளியும் உற்ற துணையும் இன்றியும், ஒருவர் விடாமுயற்சியால் எவ்வளவு உயரலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும். சுவரோரத்துக் கரிய வடத்தைக் காணும்போதெல்லாம், அதனுள்ளே கண்ணுக்குப் புலனாகாமல் ஓடும் அலையையும், அவ்வலையை முதலில் உள்ளத்தாற் கண்ட அத்தனியரையும் நினைத்தல் நம் கடன்.